செருப்பு மலையை வரைந்தவர்

கையில் பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. நம்மைப் பற்றி எங்கேயோ எழுதிப் போடப்போகிறார்.

இது என் கற்பனை இல்லை. லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் நாங்கள் இருந்த தொடர்மாடியில், எதிர் யன்னலில் ஒரு கிழவி இருந்தாள். முழங்கையைத் தலையணையில் ஊன்றிக்கொண்டு, யார் எந்தத் தொட்டியில் குப்பை போடுகிறார்கள், யார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கதிரை இழுபடுகிறது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டே இருப்பாள். பார்த்தால் சிரிப்பாள், கையும் காட்டுவாள். மாதம் முடிய வீட்டுக்காரன் வந்து கத்துவான். சூடு கண்ட பூனை நான். அடுப்பைக் கண்டால் எட்டித்தான் நிற்பேன்.

எங்கள் ஆட்களெல்லாம் ஊரில் சண்டை நின்று சமாதானம் வந்துவிட்டது என்று அங்கே போக டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் போகவில்லை. சமாதானத்தையும் நான் லேசில் நம்பவில்லை என்பது ஒன்று. சனிக்கிழமைகளில் மண்டபத்துச் சாவி என் கையில் இருந்தது என்பது இன்னொன்று.

லண்டனின் ஒரு ஓரத்தில், ஹரோவில், மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் போகிற சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு தேவாலயம். அதன் பின்பக்கத்து மண்டபத்தில்தான் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்தது. அதிபர் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எங்கள் எல்லாருக்கும் அவர் அதிபர் அண்ணை. நான் படிப்பித்தவள் இல்லை. கதவு திறப்பது, தேத்தண்ணி போடுவது, கடைசியில் கூட்டித் துடைப்பது என் வேலை. கூட்டங்களில் என்னை நிர்வாகம் என்று மரியாதையாகச் சொல்வார்கள்.

அதற்கு முன் இரண்டு மண்டபங்களிலிருந்து எங்களை எழுப்பிவிட்டிருந்தார்கள். ஒன்றில் கறி மணக்கிறது என்றார்கள். மற்றதில் கார்களை ஒழுங்காக நிறுத்துவதில்லை என்றார்கள். இரண்டிலும் முதலில் யாரோ ஒருவர் வந்து சும்மா பார்த்துக்கொண்டு நின்றார், சிரித்தார், போனார். பிறகுதான் இடி விழுந்தது. "இதுவும் போச்செண்டால் பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான். ஹரோவிலை கேட்டுப் பாக்க இன்னொரு இடம் இல்லை" என்று அதிபர் அண்ணை சொல்லியிருந்தார். அதை நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சாவியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனேன்.

வகுப்புத் தொடங்குமுன் மண்டபத்துப் பியானோவின் மேல் சரஸ்வதி படத்தை வைத்து ஒரு பூ வைப்போம். அதனால் உள்ளே செருப்புப் போட முடியாது. மண்டபத்துக்கு வெளியே போகிற நீள நடையில், கோட் கொழுவும் கொழுக்கிகளுக்குக் கீழே எல்லாரும் கழற்றி எறிவார்கள். சின்னவர்களின் மின்னும் சப்பாத்து, பெரிய பொடியன்களின் பந்தடிக்கிற சப்பாத்து, தாய்மாரின் செருப்பு, தகப்பன்மாரின் வேலைப் பூட்ஸ், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி யன்னல் உயரத்துக்கு வந்துவிடும். நடையின் கடைசியில் ஒரு பச்சைக் கதவு. நெருப்புப் பிடித்தால் ஓடுவதற்கான வழி அது. அதன் முன்னால் ஒரு குடை கூட வைக்கக்கூடாது என்பது மண்டபக் கமிட்டியின் முதல் சட்டம். குவியலுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரு காரை நிறுத்தலாம். அதை நான் பார்த்துக்கொண்டேன்.

என் செருப்பை மட்டும் அந்தக் குவியலில் ஒருநாளும் விட்டதில்லை. ஒரு கோயில் திருவிழாவுக்குப் புதுச்செருப்போடு போனேன். கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என்னுடையது இல்லை. யாருடையதோ பிய்ந்த ஒரு சோடி என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. கடவுளின் வாசலிலேயே அப்படி என்றால் கமிட்டி நடையை நம்பலாமா? அன்றிலிருந்து பலசரக்குக் கடைப் பை ஒன்றில் போட்டுக் கையோடு கொண்டு திரிவேன். அரக்கு நிறச் செருப்பு. வார் அறுந்தபோது வீட்டில் பச்சை நூல்தான் இருந்தது, அந்த நூலாலேயே தைத்துவிட்டேன்.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை அந்தக் கிழவர் வந்தார். உயரமான மனுஷன், முழங்கால் இரண்டும் சரியில்லை, கையில் தடி. மடக்குக் கதிரையை விரித்துச் செருப்புக் குவியலுக்கு எதிரே உட்கார்ந்தார். மடியில் ஒரு பலகை, பலகையில் தாள், கையில் பென்சில். 

கூட வந்தவர் மகள். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். மண்டபத்துக்குப் பக்கத்து வீடு, கமிட்டியின் செயலாளர். "அப்பா கொஞ்ச நேரம் இங்கே இருப்பார். உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டார்" என்று சிரித்தார். அவர்கள் பேசியது ஆங்கிலம். என் ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை அடிக்கும். இரண்டு பக்கப் பேச்சையும் நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

கமிட்டிச் செயலாளரின் தகப்பன்! உள்ளே ஓடிப்போய் அதிபர் அண்ணையைப் பிடித்தேன்.

"அண்ணை, ஆளை இருத்திப்போட்டினம். உவர் சும்மா இருக்கேல்லை, செருப்பைப் பாத்துப் பாத்து என்னவோ குறிக்கிறார்."

"செருப்பைப் பாத்து என்னத்தைக் குறிக்கிறது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீர் போய்த் தேத்தண்ணியைப் போடும்."

"கறி மணத்துக்கும் முதலிலை உப்பிடித்தான் ஒராள் வந்து நிண்டது. அப்பவும் நீங்கள் இதைத்தான் சொன்னனீங்கள்."

 அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் போய்விட்டார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏன் வாய்ப்பாடு என்று கேட்காதீர்கள். கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான்.

சென்னைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், ஆஸ்பத்திரியில் டாக்டர், தேத்தண்ணி எடுக்க வந்தவர் நான் யன்னலால் எட்டிப் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். "அவர் படம் வரையறார், அக்கா. அவரோட ஊர்ப்பக்கம் பெரிய ஓவியராம். அவங்க பொண்ணு சொன்னாங்க." ஓவியராம்! நான் படியாதவளாக இருக்கலாம். ஆனால் ஓவியர் என்றால் வரைய லண்டனில் பூந்தோட்டம் இல்லையா, தேம்ஸ் இல்லையா? கழற்றி எறிந்த செருப்பா கிடைத்தது?

அடுத்த சனிக்கிழமை நான் விடிய எழும்பிப் பழைய பேப்பர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனேன். நடை நீளத்துக்கு விரித்து, வருகிறவர்களையெல்லாம் வாசலிலேயே மறித்தேன். "வரிசையா வையுங்கோ! சோடி சோடியா! குவிக்கக்கூடாது!" தகப்பன்மார் கூடக் குனிந்து வைத்தார்கள். ஒழுங்காக, அழகாக, ஒரு சப்பாத்துக்கடை போல ஆகிவிட்டது. இப்போது எழுது பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு கையைக் கட்டி நின்றேன்.

கிழவர் வந்தார். கதிரையை விரித்தார். அந்த வரிசைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போனது. பென்சிலை எடுக்கவே இல்லை. கதிரையை மடக்கிக்கொண்டு, தடியை ஊன்றி, மெல்ல வெளியே போய்விட்டார்.

எனக்கு வந்த சந்தோஷம்! பார்த்தீர்களா, குறை கிடைக்கவில்லை என்றதும் ஆள் பறந்துவிட்டது என்று அதிபர் அண்ணையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். ஆனால் பிள்ளைகளுக்கு வரிசையாவது ஒன்றாவது! இடைவேளைக்கு வெளியே ஓடித் திரும்பி வந்ததும் பேப்பர் கிழிந்து, மலை பழையபடி எழும்பிவிட்டது. அதற்கடுத்த சனிக்கிழமை கிழவரும் பழையபடி வந்துவிட்டார். மலையைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை.

இனி நேராகவே பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தேன். ஒரு கோப்பை தேத்தண்ணியும் தட்டில் இரண்டு மீன் ரோல்ஸும் எடுத்துக்கொண்டு போய் அவர் அருகில் குனிந்தேன். உபசாரம் ஒரு சாட்டு. கண் முழுக்கத் தாளில்.

தாளில் ஒரு செருப்பும் இல்லை. மலைகள் இருந்தன. ஒன்றின் பின்னால் ஒன்றாகப் பழுப்பு மலைகள், இடையில் இருட்டான பள்ளங்கள், மேலே கனத்த வானம். செருப்பைப் பார்த்து மலையை எழுதுகிற மனுஷன் ஒன்றில் பொய்யன், இல்லையென்றால் விசரன். இரண்டில் எது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"இது எந்த இடம்?"

"வடக்கே, யோர்க்ஷயரில் என் பள்ளத்தாக்கு" என்றார். பிறகு பென்சில் முனையால் ஒரு மலைச்சரிவைத் தொட்டார். "இது உங்கள் அதிபரின் பூட்ஸ்."

உற்றுப் பார்த்தேன். உண்மைதான். மலையின் மடிப்பில் ஒரு நாடா ஓடியது, பாறை மாதிரி இருந்தது ஒரு குதி. என் வாயிலிருந்து "அட கடவுளே" என்று தமிழ் வந்துவிட்டது. அவர் ரோல்ஸைக் கடித்து, உறைப்பில் கண் கலங்கி, மற்றதையும் எடுத்தார்.

அன்றிலிருந்து தேத்தண்ணி அவருக்கும் ஒன்று சேர்த்துப் போட்டேன். நம்பிக்கையால் இல்லை, வேவு பார்க்க. குடிக்கக் குடிக்கக் கதைப்பார். ஆயுள் முழுக்க அந்த ஒரு பள்ளத்தாக்கைத்தான் வரைந்திருக்கிறார். மழையில் வரைந்திருக்கிறார், விறைக்கிற குளிரில் கையுறையின் விரல்களை வெட்டிவிட்டு வரைந்திருக்கிறார். அவர் படம் போட்ட கலண்டர் அந்தப் பக்கத்தில் இல்லாத வீடில்லையாம், பிஸ்கட் தகரத்தில் கூட அவர் மலைதானாம். அந்தப் பள்ளத்தாக்குக்குள் அவர் ராசா. அதற்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது. முழங்கால் போனபின் மலையேற முடியாமல், மனைவியும் இறந்துபோக, மகள் லண்டனுக்குக் கூட்டிவந்துவிட்டார். ஹரோவில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வீடு. "இங்கே எனக்கு மேடு பள்ளம் கிடைப்பது இந்த நடையில்தான்" என்றார்.

ஒருநாள் தன் பழைய படம் ஒன்றின் தபாலட்டையைக் காட்டினார். ஒரு பண்ணை வீடு, பக்கத்தில் பெரிய மரம். நல்ல மரம் என்றேன்.

"மரம் அங்கே இல்லை" என்றார். "அது அடுத்த வயலில் நின்றது. நான்தான் நகர்த்தினேன்."

"நகர்த்தினதோ?"

"படத்துக்கு அது இங்கே வேண்டும். ஓவியர்கள் எல்லாரும் நகர்த்துவோம்."

சொல்லிவிட்டுச் சாதாரணமாகத் தேத்தண்ணி குடித்தார். நான் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். மரத்தை நகர்த்துகிறவன் வேறு எதைத்தான் நகர்த்தமாட்டான்?

இன்னொரு நாள் மகள் அவரைக் கூட்டிப்போக வந்தபோது நின்று கதைத்தார். நல்ல அம்மாதான், ஆனால் தகப்பனைப் பற்றித் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அவர்கள் ஊரில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பழைய கல்பாலம் இருந்ததாம். மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒரு வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். திரும்பக் கட்டும்போது அப்பாவின் ஓவியத்தை முன்னால் வைத்துக்கொண்டு கல்லுக்குக் கல் அப்படியே கட்டினார்களாம். மூன்று வளைவு. "அப்பா உள்ளதை உள்ளபடி வரைகிறவர் என்று அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாலத்தில் நடப்பேன். எனக்கு ராணி மாதிரி இருக்கும்" என்றார் அந்த அம்மா.

நான் கிழவரைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்க்கவில்லை. கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் புகழ்வதைக் கேட்டு வெட்கப்படுகிற பார்வை எனக்குத் தெரியும். அது இது இல்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று அன்றே எனக்குப் பட்டது.

கோடையில் தேவாலயம் ஒரு சந்தை வைத்தது. கேக், பழைய உடுப்பு, பூச்செடி, அதோடு உள்ளூர் ஆட்களின் படங்கள். பென்சிலால் எழுதி எழுதிப் பார்த்ததைக் கிழவர் கடைசியில் வீட்டில் வைத்துப் பெரிய சட்டத்தில் வர்ணப் படமாக முடித்திருந்தார். இந்தமுறை மலை மலையாகவும் இருந்தது, செருப்பு செருப்பாகவும் இருந்தது. மகள் அதை நடுச்சுவரில் கொழுவி, "சனிக்கிழமை" என்று தலைப்பும் ஒட்டியிருந்தார். சனம் நெருக்கியடித்ததில் தலைகளுக்கு மேலால்தான் நான் எட்டிப் பார்த்தேன். 

செருப்பு மலை பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றது. கதவின் பாதி உயரத்துக்கு ஏறி, கைபிடியைத் தொடுகிற மாதிரி.

திங்கட்கிழமையே அதிபர் அண்ணைக்குக் கமிட்டியிலிருந்து போன் வந்தது. அவசர வழியை மறித்தது பாரதூரமான விஷயம், கமிட்டி கூடிப் பேசப்போகிறது, நீங்களும் வாருங்கள். சனிக்கிழமைக் காலைக்கு ஒரு உடற்பயிற்சி வகுப்பும் இடம் கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும்.

"நான் முதல் நாளே சொன்னன்" என்றேன்.

"ஓம், சொன்னனீர்." அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "எங்கடை வாயாலை இல்லையெண்டு சொன்னால் ஆர் நம்பப்போகினம்? படம் எல்லோ இருக்கு."

கூட்டத்தன்று வகுப்பு இல்லாத மண்டபம் குளிர்ந்து கிடந்தது. படத்தைப் பியானோவில் சாய்த்து வைத்திருந்தார்கள், நாங்கள் சரஸ்வதியை வைக்கிற அதே பியானோவில். எதிரே நீள மேசை. கமிட்டித் தலைவி, இரண்டு பெரியவர்கள், எழுதுவதற்குக் கிழவரின் மகள். தலைவி, "உங்கள் பள்ளிக்கூடத்தின்மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு" என்று தொடங்கினார். மரியாதையில் தொடங்கினால் எதில் முடியும் என்று எனக்குத் தெரியும்.

அதிபர் அண்ணை எழும்பி, செருப்புகள் எப்போதும் கொழுக்கிகளுக்குக் கீழேதான் இருந்தன என்றார். தலைவி பொறுமையாகப் படத்தைக் காட்டினார். "இதை வரைந்தவர் பார்க்காததை வரைகிறவர் இல்லை. அவர் படத்தை வைத்து ஒரு பாலமே கட்டியிருக்கிறார்கள்." மகள் தலையாட்டினார். எங்களைக் கெடுக்க இல்லை பாவம், பெருமையில்.

அப்போதுதான் நான் அந்தப் படத்தை முதல்முதலாகக் கிட்ட நின்று பார்த்தேன். நிறம் நிறமாக ஏறிப்போன மலையின் உச்சியில், எல்லாச் செருப்புக்கும் மேலே, ஒரு அரக்கு நிறச் சோடி. வாரில் பச்சை நூல்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தலைக்கு ஏறிவிட்டது. வழக்கப்படி வாசலில் கழற்றிப் போட்டுவந்த பையைத் திறந்து, என் செருப்பை எடுத்து, மேசையில் தலைவியின் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் டப்பென்று வைத்தேன்.

"ஐயோ, என்ன வேலை பாக்கிறீர், பிள்ளை!" என்று அதிபர் அண்ணை பதறினார். தலைவி கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார்.

"இது என்னுடைய செருப்பு" என்றேன். "இது ஒருநாளும் அந்த நிலத்தில் இருந்ததில்லை. பையில், என் கையில்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் யாரையும் கேளுங்கள். ஆனால் படத்தில் இருக்கிறது. இதை அவர் நகர்த்தினார் என்றால் மற்றதையும் நகர்த்தினார்!"

தலைவி படத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜெர்மன் கிழவியின் சிரிப்பு. "ஒருநாள் மறந்து வைத்திருப்பீர்கள்."

மறந்து வைத்தேனாம்! நான்! எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான். கையில் அத்தாட்சியை வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு படம் என்னைப் பொய்யாக்குகிறது.

"அவர் மறந்து வைக்கவில்லை."

கிழவர் வாசலில் நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ, மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலடியில் தேங்கியிருந்தது. தடியை ஊன்றி மேசைக்கு வந்தார். "குவியல் கொழுக்கிகளுக்குக் கீழேதான் இருந்தது. நான்தான் கதவடிக்குக் கொண்டுபோனேன். மலைக்குப் பின்னால் பச்சை வேண்டியிருந்தது."

"பெருந்தன்மையாகச் சொல்கிறீர்கள்" என்றார் தலைவி. "ஆனால் உங்களை எங்களுக்குத் தெரியும். நீங்கள் அப்படி வரைகிறவர் இல்லை."

கிழவர் மகளைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். வேண்டாம் என்று எனக்கே சொல்லவேண்டும் போலிருந்தது. என்னத்தை வேண்டாம் என்பது என்று தெரியவில்லை.

"அந்தப் பாலத்துக்கு இரண்டு வளைவுதான் இருந்தது" என்றார்.

மகளின் பேனா நின்றது. "மூன்று, அப்பா."

"இரண்டு. தண்ணீரில் நிழல் விழும்போது மூக்குக்கண்ணாடி மாதிரி அசிங்கமாக இருந்தது. அதனால் மூன்றாக்கினேன். ஒரு படம்தானே என்று நினைத்தேன். வெள்ளம் வந்தபிறகு அதைப் பார்த்துக் கட்டினார்கள். ஊரில் ஒரு கிழவி மட்டும், இரண்டல்லவா இருந்தது என்றாள். ஓவியரின் படத்தில் மூன்று இருக்கிறது, உனக்கு வயதாகிவிட்டது என்று எல்லாரும் அவள் வாயை அடைத்தார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்." அவர் நிறுத்தி என் செருப்பைப் பார்த்தார். "நான் பேசாமல் நின்றேன். திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். நீ என் தோளில் இருந்தாய்."

 அந்த அம்மாவின் முகத்தில் இருந்ததைப் பார்க்க முடியாமல் நான் மேசையிலிருந்த செருப்பை எடுத்துப் பைக்குள் போட்டேன். பை சரசரத்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

தலைவி கோப்பையைத் தள்ளிவைத்தார். அப்படியென்றால் இந்த விஷயத்தைத் தொடரத் தேவையில்லை, சனிக்கிழமை வகுப்பு வழமைபோல நடக்கலாம் என்றார். அதிபர் அண்ணை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.  எங்கள் பள்ளிக்கூடம் தப்பிவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும் நான்.

மகள் தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். கோட்டைப் போட்டார். தகப்பன் நின்ற பக்கம் வராமல், நடையின் கடைசிக்குப் போய்ப் பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டார். கதவு லேசாகத் திறந்தது. அதன் முன்னால் ஒரு செருப்பும் கிடக்கவில்லை.

எல்லாரும் போனபின் விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தேன். கிழவர் நடையில், தன் வழக்கமான இடத்தில், கோட் கொழுக்கிகளுக்கு எதிரே நின்றார். மடக்குக் கதிரை கொண்டு வரவில்லை. நான் உள்ளேயிருந்து ஒரு சின்னப் பிள்ளைகளின் வாங்கை இழுத்துவந்து அவரை இருத்தி, பக்கத்தில் நானும் இருந்தேன். எதிரே வெறும் நிலம்.

"ஏன் என்னுடையதை அதில் வைத்தீர்கள்?" என்று கேட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

"உச்சியில் ஒரு சிவப்பு வேண்டியிருந்தது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." பிறகு என் பையைப் பார்த்து, "நீங்கள் ஏன் அதைத் தூக்கிக்கொண்டே திரிகிறீர்கள்?" என்றார்.

"களவு போய்விடும்."

"யார் எடுப்பார்கள்?"

 அந்தக் குவியலில் செருப்பை எறிகிறவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். அவர்களின் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறேன். பையை நிலத்தில் வைத்தேன். செருப்பை வெளியே எடுத்துக் கொழுக்கிகளுக்குக் கீழே விட்டேன். தனியாக, விசர்க்கோலமாக இருந்தது. அவர் குனிந்து, முனகிக்கொண்டு, தன் ஈரச் சப்பாத்துகளைக் கழற்றி அதன் பக்கத்தில் தள்ளினார்.

வெளியே மழை விடவில்லை. பக்கத்து வீடுதான். நான் கைபிடித்துக் கூட்டிப்போயிருக்கலாம். எழும்புங்கள் என்றேன். அவர் பச்சைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்கள். மகள் வழமையாக என்னைக் கூட்டிப்போக வருவாள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வருவாளா?"

அந்த அம்மா போன விதத்தை நான் பார்த்திருந்தேன்.

"வருவா" என்றேன்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் என்னை நம்பினார். தலையாட்டிவிட்டு, தடியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.